அணுவின் வெற்றிடமும் தூங்காத மூன்று வாரங்களும்

இந்த வாரம் ஒரே ஒரு கடிதத்துக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். எழுதியவரை யாரும் அடையாளம் காணாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அவருக்கு வயது 22. விடுதியில் தங்கி எம்.எஸ்ஸி. இயற்பியல் முதலாண்டு படிக்கிறார். பருவத் தேர்வுக்கு முந்தைய மூன்று வாரங்கள், பகலெல்லாம் படித்துவிட்டு, இரவில் ‘நாம் காணும் உலகம் உண்மையா’ என்ற வகைக் காணொளிகளை இரண்டு மணி, மூன்று மணி வரை பார்த்திருக்கிறார். ஓர் இரவு மொட்டைமாடியில் மல்லாந்து படுத்திருந்தபோது, ‘மேலே’ என்று ஒரு திசையே கிடையாது, தான் ஓர் உருண்டையின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருக்கிறோம், இப்போதே வானத்துக்குள் விழுந்துவிடுவோம் என்று தோன்றியிருக்கிறது. நெஞ்சு படபடத்து, விரல்கள் மரத்து, மூச்சு முட்டி, தரையை இரு கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு கிடந்தாராம். படபடப்பு அரை மணியில் அடங்கிவிட்டது. ஆனால் மறுநாள் காலையிலிருந்து, ஏழு வாரங்களாக, உலகம் ஒரு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பதுபோல் இருக்கிறது என்கிறார். விடுதித் தாழ்வாரம் நீண்டுவிட்டதுபோலவும், தோழிகளின் முகங்கள் தட்டையான படங்கள்போலவும் தெரிகின்றன. தொலைபேசியில் கேட்பது அம்மாவின் குரல்தான் என்று தெரிகிறது, ஆனால் அது அவரைத் தொடுவதில்லை. நாளுக்கு நூறு தடவை சுவரைத் தட்டிப் பார்க்கிறார், கையைக் கிள்ளிப் பார்க்கிறார். இரண்டு தாள்களை எழுதாமல் விட்டுவிட்டார்.

வீட்டில் அம்மா, “படித்தது போதும், ஒரு கல்யாணத்தைப் பண்ணிவைத்தால் எல்லாம் சரியாகிவிடும்” என்கிறார். பெரியப்பா குறி சொல்பவரிடம் கூட்டிப்போக நாள் பார்த்திருக்கிறார். கடிதத்தின் மையமான வரி இது: “எனக்குப் பைத்தியம் பிடிக்கிறதா, இல்லை மற்றவர்கள் காணாத ஓர் உண்மையை நான் கண்டுவிட்டேனா?”

அன்புள்ள வாசகிக்கு,

நேராகவே சொல்லிவிடுகிறேன். இரண்டும் இல்லை. உங்கள் கடிதத்தில் இரண்டு வெவ்வேறு பொருள்கள் ஒரே முடிச்சில் விழுந்திருக்கின்றன. ஒன்று, இடம் என்றால் என்ன, பொருள் என்றால் என்ன என்ற கேள்வி. அது நோயல்ல, மனிதர்கள் நெடுங்காலமாகக் கேட்டுவரும் நல்ல கேள்வி. மற்றொன்று, உலகம் அந்நியமாகத் தெரிகிற உணர்வு. அது தத்துவமல்ல, களைத்துப்போன ஒரு நரம்பு மண்டலத்தின் நிலை. இரண்டும் ஒரே இரவில் வந்து சேர்ந்ததால், முதலாவதுதான் இரண்டாவதை உண்டாக்கியது என்றும், முதலாவதற்கு விடை கிடைத்தால்தான் இரண்டாவது தீரும் என்றும் நம்பிவிட்டீர்கள். ஏழு வாரங்களாக உங்களை வாட்டுவது அந்த நம்பிக்கைதான்.

பதினேழு ‘போல்’

உங்கள் கடிதத்தில் ‘போல்’ என்ற சொல்லும் அதன் உறவுகளும் எத்தனை இடங்களில் வருகின்றன என்று எண்ணினேன். பதினேழு. ‘கண்ணாடி இருப்பதுபோல்’, ‘படம்போல்’, ‘என் கை வேறொருவருடையதுபோல்’. மனச்சிதைவு போன்ற நோய்களில் பெரும்பாலும் இந்தப் ‘போல்’ உதிர்ந்துவிடும். அவர்களுக்குக் கண்ணாடி உண்மையாகவே இருக்கும், அதை வைத்தவர் யார் என்றும் தெரிந்திருக்கும். கண்ணாடி இல்லை என்று உங்களுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் அப்படி உணர்வதுதான் உங்களைப் பயமுறுத்துகிறது. தோன்றுவதையும் இருப்பதையும் பிரித்தறியும் இந்தத் திறன் கெடாமல் இருப்பதைத்தான் மருத்துவர்களான நாங்கள் முதலில் பார்ப்போம்.

இந்த உணர்வுக்கு டீரியலைசேஷன் என்று பெயர். உலகத்துக்குப் பதிலாகத் தன் உடலும் மனமுமே அந்நியமாகத் தோன்றினால் டீபெர்சனலைசேஷன் என்போம். பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே வரும், உங்கள் கை விஷயமும் அதுதான். பின்னதற்குப் பெயர் சூட்டியவர் லுடோவிக் டுகாஸ் என்ற பிரெஞ்சுக்காரர், ஆண்டு 1898. அப்போது காணொளியும் இல்லை, குவாண்டம் இயற்பியலும் இல்லை. கடும் களைப்பிலோ அதிர்ச்சியிலோ சில நிமிடங்கள் இதை உணர்ந்தவர்கள் ஏராளம். நீடித்த கோளாறாக நிலைப்பது ஏறக்குறைய நூற்றில் ஒருவருக்கோ இருவருக்கோதான், அதுவும் பெரும்பாலும் இளவயதில்.

அபாயம் வந்துவிட்டது என்று மூளை கருதும்போது, சமாளிக்க முடியாத அளவுக்கு உணர்ச்சி பொங்காமலிருக்க அதன் ஒலியளவைத் தானே குறைத்துக்கொள்கிறது என்பது நாங்கள் கொடுக்கும் விளக்கம். விபத்தில் தப்பியவர்கள், “எல்லாம் சினிமா பார்ப்பதுபோல் நடந்தது” என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். மூன்று வாரங்கள் தூங்காத உங்கள் மூளை, மொட்டைமாடியில் ஒரு பீதித் தாக்குதலுக்கு ஆளாகி, அந்த ஒலியளவைக் குறைத்தது. குறைத்ததை ஏற்ற மறந்துவிட்டது. அம்மாவின் குரல் அடையாளம் தெரிந்தும் தொடாமல் போவதற்குக் காரணம் இதுதான். அன்பு குறைந்துவிட்டது என்று நீங்கள் அழுதிருக்கிறீர்கள். குறைந்தது அன்பல்ல.

ஏன் அது தானாகத் திரும்பவில்லை என்றால், நீங்கள் அதற்கு இடம் கொடுக்கவில்லை. வாய்ப்புண்ணை நாக்கால் நெருடிக்கொண்டே, ஏன் ஆறவில்லை என்று கேட்பதைப்போன்றது சுவரைத் தட்டிப் பார்ப்பது. ஒவ்வொரு தட்டலும் ‘இங்கே ஏதோ சந்தேகத்துக்குரியது இருக்கிறது’ என்று மூளைக்குச் சொல்கிறது. முதல் வேலையாக அதை நிறுத்துங்கள். ஒரேயடியாக முடியாவிட்டால், தட்டத் தோன்றும்போது பத்து நிமிடம் தள்ளிப்போடுங்கள்.

மேசையும் அணுவும்

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். பிளஸ் டூவில் இயற்பியலில் நான் தேறியதற்கே எங்கள் வாத்தியார் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார். ஆகவே இந்தப் பகுதியை இயற்பியல் பேராசிரியரான நண்பர் ஒருவரிடம் காட்டித் திருத்திக்கொண்டேன். காணொளிகள் உங்களுக்குச் சொன்ன செய்திகளில் பெரும்பாலானவை பொய்யல்ல. பொய்யாக இருந்திருந்தால் உங்களைப்போல் படித்தவர் சிரித்துவிட்டுப் போயிருப்பார். செய்தி மெய்யாக இருக்க, அதிலிருந்து முடிவுக்குத் தாவும் தாவல்தான் பிழை.

‘அணுவில் 99.99 விழுக்காட்டுக்கு மேல் வெற்றிடம், ஆகவே நீங்கள் தொடும் மேசை ஒரு பிரமை.’ ரதர்ஃபோர்டு 1911இல் அணுக்கருவைக் கண்டறிந்து சொன்னதிலிருந்து பிறந்த வாக்கியம் இது. அணுவை ஒரு கிரிக்கெட் மைதானமாக்கினால் அணுக்கரு கடுகளவுதான் என்பது சரி. ஆனால் மீதி இடம் காலியாக இருக்கிறது என்பதற்கு, எலெக்ட்ரான்கள் குட்டிக் கோலிக்குண்டுகள் என்று கற்பனை செய்துகொள்ள வேண்டும். அவை அப்படியல்ல, அந்த இடம் முழுவதும் பரவிய நிலைகள் என்று உங்கள் பாடத்திலேயே படித்திருப்பீர்கள். இரண்டு எலெக்ட்ரான்கள் ஒரே நிலையில் இருக்க முடியாது என்று பாலி 1925இல் சொன்ன விதியே பொருள்கள் தமக்குள் நசுங்கிவிடாமல் காக்கிறது என்பதை, 1967இல் டைசனும் லெனார்டும் கணிதமாகவே நிறுவினார்கள். உங்கள் நோட்டுப்புத்தகத்தைத் தாங்கும் மேசை பிரமையல்ல. அது ஏன் தாங்குகிறது என்பதற்கு முன்பைவிட ஆழமான காரணம் நமக்குத் தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இந்தக் குழப்பம் உங்களோடு தொடங்கியதுமல்ல. 1927இல் எடின்பரோவில் பேசிய வானியலாளர் எடிங்டன், தன் முன்னே இரண்டு மேசைகள் இருப்பதாகச் சொன்னார். ஒன்று பழக்கமான திண்ணிய மேசை, மற்றொன்று பெரும்பாலும் வெறுமையாலான அறிவியல் மேசை. உண்மையில் இருப்பது இரண்டாவதே என்றார். பத்தாண்டுகள் கழித்து, லண்டனில் தத்துவப் பேராசிரியராயிருந்த சூசன் ஸ்டெபிங் இதற்குக் கொடுத்த பதில் எனக்கு மிகவும் பிடிக்கும். ‘திண்மை’ என்ற சொல்லை நாம் கற்றதே மேசை, பலகை, தரை போன்றவற்றிலிருந்துதான். பலகைக்கே திண்மை இல்லை என்றால் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் மிஞ்சும் என்று அவர் கேட்டார்.

2022ஆம் ஆண்டின் நோபல் பரிசு ‘உலகம் உண்மையல்ல என்று நிரூபித்ததற்கு’ வழங்கப்பட்டதாக எழுதியிருக்கிறீர்கள். ஆஸ்பே, கிளவுசர், சைலிங்கர் ஆகிய மூவருக்கும் பரிசு கிடைத்தது பின்னலுற்ற, அதாவது ஒன்றின் நிலை மற்றொன்றோடு பிணைந்த, ஒளித்துகள்களைக் கொண்டு செய்த சோதனைகளுக்காக. ஜான் பெல் 1964இல் எழுதிய சமனின்மை என்ற கணித வரம்பு மீறப்படுகிறது என்று அவை காட்டின. அதன் பொருள், ஒரு துகளின் பண்புக்கு அளப்பதற்கு முன்பே நிலையான மதிப்பு உண்டு என்பதும், எந்தத் தாக்கமும் ஒளியைவிட விரைவாகப் பரவாது என்பதும் சேர்ந்தாற்போல் நிற்க முடியாது என்பதுதான். முதலாவதற்கு இயற்பியலாளர்கள் வைத்த கலைச்சொல் ‘ரியலிசம்’. தலைப்பு எழுதியவர் அதைச் சந்தைத் தமிழில் ‘உண்மை’ ஆக்கிவிட்டார். உங்கள் தோழியின் முகம் அந்தச் சோதனையில் இடம்பெறவே இல்லை.

இடம் பொய்யா?

இடம் பற்றி நீங்கள் கேட்டிருப்பது இவற்றைவிட நுட்பமானது. பொருள்கள் வந்து போகும் ஒரு காலிப் பெட்டியாக இடத்தை எண்ணுவது நம் அன்றாட வழக்கம். நியூட்டன் 1687இல் அதையே கணிதத்தின் அடித்தளமாக்கினார். லைப்னிட்ஸ் அவர் காலத்திலேயே மறுத்து, இடம் என்பது பெட்டியல்ல, ஒருங்கே இருக்கும் பொருள்களுக்கிடையேயான ஒழுங்குமுறை மட்டுமே என்று வாதாடினார். 1915இல் ஐன்ஸ்டைன், இடமும் காலமும் சேர்ந்து வளையக் கூடியவை என்று காட்டினார். இன்று சிலர், இடமே வேறு ஏதோ அடிப்படையிலிருந்து உருவாகித் தோன்றுவதாக இருக்கலாம் என்று ஆராய்கிறார்கள். இதைக் கேட்டுத்தான் ‘அப்படியென்றால் இடம் இல்லை’ என்று நீங்கள் முடிவு கட்டினீர்கள்.

மருத்துவனாக எனக்குத் தெரிந்த ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். தனி ஒரு மூலக்கூற்றுக்குக் காய்ச்சல் வராது. வெப்பநிலை என்பதே கோடானுகோடி மூலக்கூறுகளின் அசைவிலிருந்து உருவாவது, அடிமட்டத்தில் அப்படி ஒன்று கிடையாது. அதற்காக 102 டிகிரியில் நடுங்கும் குழந்தையிடம், ‘காய்ச்சல் ஒரு பிரமை’ என்று சொல்லி அனுப்புவேனா? இன்னொன்றிலிருந்து உருவானது என்பதும் இல்லாதது என்பதும் ஒன்றல்ல. வளையும் காலத்தையும் நீங்கள் தினமும் கையில் வைத்திருக்கிறீர்கள். ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களின் கடிகாரங்கள் தரையிலுள்ளவற்றைவிட நாளொன்றுக்கு ஏறத்தாழ 38 மைக்ரோவினாடி முந்துகின்றன. அதைத் திருத்தாவிட்டால் கைப்பேசி காட்டும் இடம் ஒரே நாளில் பத்து கிலோமீட்டர் அளவுக்குத் தவறிப்போகும். ஐன்ஸ்டைனைக் கணக்கில் எடுப்பதால்தான் அது உங்களை விடுதி வாசலில் கொண்டுவிடுகிறது. அன்றாட இடத்தை அவர் கலைக்கவில்லை.

‘இடம் என்பது மூளை வரைந்த படம்’ என்ற காணொளி என் துறைக்குள் வருகிறது. எலி ஒரு குறிப்பிட்ட இடத்தில் நிற்கும்போது மட்டும் துடிக்கும் நரம்புச் செல்களை ஜான் ஓ’கீஃப் 1971இல் அறிவித்தார். இடத்தைக் கட்டம் கட்டி அளக்கும் செல்களை 2005இல் மோசர் இணையர் கண்டறிந்தார்கள். மூவருக்கும் 2014இல் மருத்துவ நோபல் கிடைத்தது. மூளை வரைபடம் வரைகிறது என்பது உண்மைதான். ஆனால் அந்த வரைபடத்தை நம்பிப் போகும் எலிக்கு இரை கிடைக்கிறது. களைப்பிலும் பீதியிலும் தூரமும் ஆழமும் வேறாகத் தெரிவது உண்டு. தாழ்வாரம் நீண்டதாகத் தெரிந்தால் நீளவில்லை என்று டேப் வைத்து அளக்க வேண்டாம். நடந்து போய்ச் சாப்பாட்டறையில் உட்காருங்கள்.

‘மாயை என்று பெரியோரே சொன்னார்களே’

அப்படியே சொல்லவில்லை. அத்வைதம் உலகை மாயை என்னும்போதும் அன்றாட வழக்கிலுள்ள உண்மைக்கு வியாவகாரிகம் என்று ஒரு படியைத் தனியே வைத்தது. கயிற்றில் தோன்றும் பாம்பும் நடந்து செல்லும் சாலையும் அங்கே ஒரே படியில் இல்லை. தமிழ்நாட்டுச் சைவ சித்தாந்தமோ இன்னும் ஒரு படி போய், மாயை என்பது பொய்த்தோற்றமே அல்ல, உலகம் எதிலிருந்து உண்டாகிறதோ அந்த உள்பொருள் என்கிறது, குயவருக்கு மண்போல. உங்கள் பெரியப்பா சைவர் என்றால், குறி கேட்கப் போகும் வழியில் இதை அவரிடமே கேட்டுப் பாருங்கள். அவருக்கும் பொழுதுபோகும்.

படிப்பு, வீடு, மருத்துவர்

இயற்பியலை விட்டுவிட்டால் உணர்வு போய்விடும் என்பது உங்கள் கணக்கு. நான் ஒப்பவில்லை. நோயாக வந்தது பாடமல்ல, பாடத்தின் பெயரால் தூக்கத்தைத் தின்ற இரவுகள். விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்தால் நாள் முழுதும் உங்கள் உணர்வையே சோதித்துக்கொண்டிருக்க நேரம் கிடைக்கும். அதுதான் எனக்கு அச்சம். எழுதாத இரண்டு தாள்கள் அரியராகத்தான் நிற்கும், அடுத்த பருவத்தில் எழுதலாம். வருகை குறைந்திருந்தால் மருத்துவச் சான்றோடு கண்டோனேஷன் கேட்கலாம். வகுப்பில் உட்காரவே முடியாத நிலை வந்தால் மட்டும், தற்காலிக இடைநிறுத்தத்துக்கு உங்கள் பல்கலைக்கழகத்தில் என்ன விதி என்று துறைத் தலைவரிடம் கேட்டுக்கொண்டு முடிவெடுங்கள். டி.சி. வாங்கும் முடிவை இந்த மனநிலையில் எடுக்க வேண்டாம்.

கல்யாணம் எந்த நரம்புக் களைப்புக்கும் மருந்தல்ல. உணர்ச்சிகள் மங்கியிருக்கும் வேளையில் புதிய வீடு, புதிய மனிதர்கள் என்பது சுமையைக் கூட்டும். சிகிச்சையை ஒளிக்கவும் வேண்டிவரும். அம்மாவிடம் தத்துவம் பேசாமல், “தூக்கம் கெட்டு உடம்பு படபடக்கிறது, டாக்டரைப் பார்க்க வேண்டும்” என்று சொல்லுங்கள். அது முழு உண்மை, அவருக்கும் புரியும் மொழி.

மருத்துவர் வீட்டுக்குச் சொல்லிவிடுவாரா என்று கேட்டிருக்கிறீர்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு உங்கள் விவரங்களைக் காக்கும் கடமையை மருத்துவருக்கு விதிக்கிறது. உயிருக்கு ஆபத்து போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. நீங்கள் வயதுவந்தவர், தனியாகவே போகலாம். அதே சட்டத்தின் 3ஆம் பிரிவு, ஒருவருடைய சிந்தனை சமூக வழக்கத்துக்கோ மத நம்பிக்கைக்கோ ஒத்துவரவில்லை என்பதை வைத்து அவரை மனநோயாளி என்று தீர்மானிக்கக் கூடாது என்கிறது. இடம் உண்மையா என்று கேட்டதற்காக யாரும் உங்களுக்குப் பட்டம் கட்ட முடியாது.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் புறநோயாளர் பிரிவுக்குப் போங்கள். தைராய்டு, ஹீமோகுளோபின், பி12 பார்ப்பார்கள். உணர்வு சில நிமிட அலைகளாக, இல்லாத வாசனையோடோ நினைவு தப்பலோடோ வந்தால் வலிப்பு வகை அல்ல என்று உறுதிசெய்ய, மூளையின் மின்னலைகளைப் பதியும் இ.இ.ஜி. எடுக்கலாம். உங்கள் விவரிப்பு அப்படி இல்லை. கஞ்சா இதைத் தூண்டும் காரணங்களில் முக்கியமானது. நீங்கள் குறிப்பிடவில்லை, ஒரு தடவை தொட்டிருந்தாலும் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். இந்த உணர்வுக்கென்றே தனி மாத்திரை கிடையாது. பதற்றத்துக்கோ மனச்சோர்வுக்கோ மருந்து தேவைப்படலாம், பேச்சுவழிச் சிகிச்சைதான் முதன்மை. தூக்க மாத்திரையை நீங்களாக மெடிக்கலில் வாங்காதீர்கள். சிலருக்கு வாரங்களில் விலகும், சிலருக்கு மாதங்கள் இழுக்கும். தேதி குறித்து வாக்குக் கொடுக்க என்னால் இயலாது. ‘உண்மையில்லாத உலகில் எதற்கு வாழ வேண்டும்’ என்ற எண்ணம் தலைகாட்டினால் மட்டும் எதற்கும் காத்திராமல், அந்த நிமிடமே 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை அழையுங்கள். இரவு பகல் எந்நேரமும் இலவசம், தமிழில் பேசலாம்.

மறுபடி மொட்டைமாடிக்குப் போகலாமா?

பின்குறிப்பில் தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறீர்கள். போகலாம். போகாமல் இருந்தால் பயம் அங்கேயே குடியேறிவிடும். ஏறத்தாழ 1500 ஆண்டுகளுக்கு முன் ஆரியபட்டர், கடம்பம் பூவின் உருண்டையைச் சுற்றி எல்லாப் பக்கமும் இதழ்கள் நிற்பதுபோலப் பூமியைச் சுற்றி எல்லாப் பக்கமும் உயிர்கள் நிற்கின்றன என்று எழுதினார். மேலே என்று பொதுவான திசை இல்லை என்பதில் நீங்கள் அவருடைய கட்சிதான். ஆனால் கீழே என்பது ஒவ்வொருவருக்கும் உண்டு, பூமியின் மையத்தை நோக்கி. நம் ஊர் அகலக்கோட்டில் தரை மணிக்கு ஏறத்தாழ 1640 கிலோமீட்டர் வேகத்தில் சுழல்கிறது. அந்தச் சுழற்சி உங்களை வெளியே தள்ளும் அளவு, உங்கள் எடையில் சுமார் முந்நூறில் ஒரு பங்கு. மீதி முழுவதும் உங்களைத் தரையோடு பிடித்து வைத்திருக்கிறது.

நான்கைந்து நாள் இரவு பதினொன்றுக்குப் படுத்துத் தூங்கிய பிறகு, ஒரு தோழியோடு அந்தி நேரத்தில் போங்கள். முதல் நாள் படுக்க வேண்டாம், கைப்பிடிச் சுவரை விட்டுத் தள்ளி உட்கார்ந்து பத்து நிமிடம் ஊர்க்கதை பேசுங்கள். படபடப்பு ஏறினால் உடனே இறங்கி ஓடாதீர்கள், அது உச்சிக்குப் போய்த் தானாக இறங்கும்வரை பேச்சை நிறுத்தாமல் இருங்கள். மூன்றாவது நாளோ நான்காவது நாளோ படுத்துப் பாருங்கள். கைப்பேசியைக் கீழே அறையில் வைத்துவிட்டுப் போங்கள்.